பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸுக்கு ஃபில்டரும் மூடியும்: மும்பையில் தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்ததாக இருந்தாலும், சோர் பஜாரில் பேரம் பேசி வாங்கியதாக இருந்தாலும், பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவோடு, அதாவது லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்த்துக் குவியம் சரிசெய்யும் கேமராவோடு, அதன் லென்ஸ் மூடியும் சேர்ந்து வருவது அபூர்வம். ஃபில்டர் ஏதாவது வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை பிடித்த ஸ்கைலைட் என்னும் வெளிர்நிற ஃபில்டராக இருக்கும். இவற்றைத் தேடி ஃபோர்ட் பகுதிக்குப் போய், கேமராவின் பெயரைச் சொல்லி ‘இதற்கு மூடி இருக்கிறதா’ என்று கேட்பவரிடம் கடைக்காரர் கையை விரித்துவிடுகிறார். அதே கடைக்காரரிடம் ‘48 மில்லிமீட்டர்’ என்று கேட்டால் இழுப்பறையைத் திறக்கிறார். அந்தக் கேமரா சந்தைக்கு வந்தபோது அவர் பிறந்தேயிருக்க மாட்டார் என்பதால் பெயரைக் கேட்டு அவரால் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, கடைக்குப் போவதற்கு முன் வீட்டு மேசையில் செய்து முடிக்க வேண்டிய வேலையைப் பற்றியது.

முதலில் மூடியா, ஃபில்டரா?

லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவே ஒரு கண்ணாடி நிற்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் அது கிடையாது. லைகா, சோர்க்கி, ஃபெட் போன்ற துணி ஷட்டர் கேமராக்களைத் திறந்த லென்ஸோடு வெயிலில் வைத்தால், சூரியனின் பிம்பம் நேராகத் துணியில் குவிந்து ஊசிமுனை அளவுக்கு ஓட்டையை எரித்துவிடும். அதன்பின் எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழத் தொடங்கும். எனவே துணி ஷட்டர் உள்ளவர்கள் ஃபில்டரைத் தள்ளிப்போட்டு மூடியை முதலில் வாங்குவதே முறை. யூவி ஃபில்டர் இந்த ஆபத்திலிருந்து காப்பாற்றாது. கேனன் பி, கேனன் 7 போன்றவற்றின் எஃகுத் தகடு ஷட்டருக்கும், கியெவ் கேமராவின் உலோக ஷட்டருக்கும், யாஷிகா எலெக்ட்ரோ, கேனோனெட் முதலிய நிலையான லென்ஸ் கேமராக்களில் உள்ள இலை ஷட்டருக்கும் இந்தக் கவலை இல்லை. அவற்றின் உரிமையாளர்கள் பொறுமையாகத் தேடலாம். மூடி மாட்டியிருப்பது வ்யூஃபைண்டர் என்னும் பார்வைச் சாளரத்தில் தெரியாது என்பதால் ஒரு ரோல் முழுவதையும் மூடியோடு எடுத்துவிடும் அபாயம் மட்டும் எல்லா ரேஞ்ச்ஃபைண்டர்களுக்கும் பொது.

முதல் படி: லென்ஸின் முன்பக்கம் எந்த வகை என்று பார்ப்பது

மேசை விளக்கின் கீழ் லென்ஸின் முன்வளையத்தைச் சாய்த்துப் பாருங்கள். உட்சுவரில் நுண்ணிய மரை ஓடினால் அது திருகு ஃபில்டர் ஏற்கும் லென்ஸ். பெரும்பாலானவை இந்த வகையே. மரை இல்லாமல் வெளிச்சுவர் மட்டும் வழவழப்பாக இருந்தால், ஃபில்டரையும் மூடியையும் வெளியிலிருந்து செருகிப் பொருத்தும் வகை. லைகாவைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தின் பழைய எல்மார் 50 மிமீ எஃப் 3.5 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு: அதன் வெளிவிட்டம் 36 மிமீ, லைட்ஸ் நிறுவனம் இந்த அளவை ஏ36 என்று குறித்தது. எல்மாரைப் பின்பற்றி வந்த சோவியத் ஒன்றியத்தின் ஃபெட் 50 மிமீ, மடங்கும் இண்டஸ்டார்-22 ஆகியவையும் இதே 36 மிமீ செருகு வகையை ஏற்கும். இந்த மூன்றிலும் ஒளி புகும் துளையான அபெர்ச்சரை மாற்றும் சிறு நெம்பு லென்ஸின் முகத்திலேயே இருப்பதால், ஃபில்டரைப் பொருத்துவதற்கு முன்பே அபெர்ச்சரை வைத்துவிட வேண்டும்.

மூன்றாவது வகை சீரிஸ் ஃபில்டர். இதில் ஃபில்டருக்கு மரையே கிடையாது. வளையமிட்ட வெறும் கண்ணாடி வில்லையை, பக்க வெளிச்சத்தை மறைக்கும் லென்ஸ் ஹூடுக்குள்ளோ, இரண்டு துண்டாகப் பிரியும் ஒரு வளையத்துக்குள்ளோ வைத்து இறுக்குவார்கள். விட்டத்தை அளந்தாலே எண் தெரிந்துவிடும்: சீரிஸ் 5 சுமார் 30 மிமீ, சீரிஸ் 6 சுமார் 41.3 மிமீ, சீரிஸ் 7 சுமார் 50.8 மிமீ, சீரிஸ் 8 சுமார் 63.5 மிமீ. பழைய லைகா சும்மிலக்ஸ் 35 மிமீ தன் ஹூடுக்குள் சீரிஸ் 7 வில்லையை ஏற்கிறது. லைகா சிஎல் கேமராவின் சும்மிக்ரான்-சி 40 மிமீ, ரப்பர் ஹூடுக்குள் சீரிஸ் 5.5 என்ற அரிய அளவைக் கேட்கிறது. இந்த வகை லென்ஸ் உங்களிடம் இருந்தால் ஹூடைத் தொலைக்காதீர்கள், ஏனெனில் ஹூடு இல்லாமல் ஃபில்டர் நிற்காது.

இரண்டாம் படி: அளப்பது

சற்று நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். லென்ஸ் முகத்தில் பொறித்த எண்ணை ஃபில்டர் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாஷிகா எலெக்ட்ரோவின் முகத்தில் உள்ள 45 அதன் குவியத் தொலைவு, அதன் ஃபில்டர் அளவோ 55 மிமீ. பள்ளிக்கூட அளவுகோலும் இங்கே உதவாது, ஏனெனில் அரை மில்லிமீட்டரில் காரியம் கெட்டுவிடும். நாக்தேவி தெருவின் கருவிக் கடைகளில் வெர்னியர் காலிபர் எளிதில் கிடைக்கிறது. பிளாஸ்டிக் தாடை உள்ளதை வாங்கினால் லென்ஸ் வளையத்தில் கீறல் விழாது.

ஃபில்டரின் பெயரளவு என்பது ஃபில்டரில் உள்ள ஆண்மரையின் வெளிவிட்டம். நாம் அளப்பதோ லென்ஸில் உள்ள பெண்மரையின் உள்விட்டம். அது எப்போதும் பெயரளவைவிடக் குறைவாகவே காட்டும். மரையிடைவெளி, அதாவது அடுத்தடுத்த இரு மரைகளுக்கு நடுவிலுள்ள தூரம், 0.5 மிமீ என்றால் சுமார் 0.5 மிமீ குறையும், 0.75 மிமீ என்றால் சுமார் 0.8 மிமீ குறையும். காலிபர் 48.2 என்று காட்டினால் உங்களுடையது 49 மிமீ லென்ஸ்; 38.5 என்றால் 39 மிமீ, 40.0 என்றால் 40.5 மிமீ, 39.5 என்றால் 40 மிமீ. கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். கேனனின் பழைய 50 மிமீ எஃப் 1.8, 35 மிமீ எஃப் 2 ஆகியவை சரியாக 40 மிமீ. சோவியத், ஜெர்மன் லென்ஸ்கள் பலவும் 40.5 மிமீ. 40.5 ஃபில்டர் 40 மிமீ வளையத்தில் ஏறாது. 40 ஃபில்டரோ 40.5 வளையத்தில் பிடிப்பில்லாமல் வழுக்கும். ‘கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்’ என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், போவது மரைதான்.

ஒரே திசையில் அளந்துவிட்டு நிறுத்தாமல், குறுக்கிலும் நெடுக்கிலுமாக இருமுறை அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் கேமரா எப்போதோ கீழே விழுந்து வளையம் நசுங்கியிருக்கிறது. ஃபில்டரைத் தேடும் முன் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து வளையத்தை வட்டமாக்குவது நல்லது. செருகு வகை மூடிக்கு மட்டும் வளையத்தின் வெளிவிட்டத்தை அளக்க வேண்டும். அந்த எண்ணில் கழித்தலும் கூட்டலும் இல்லை.

மூன்றாம் படி: அளவை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது

நீங்கள் அளந்தது சரியா என்று பார்க்க, நம் ஊர்ச் சந்தையில் அடிக்கடி கண்ணில் படும் சில லென்ஸ்களின் அளவுகளைத் தருகிறேன். சோவியத் லென்ஸ்கள் இதில் மிகவும் எளிமையானவை: ஜூபிட்டர்-8, ஜூபிட்டர்-3, ஜூபிட்டர்-11, ஜூபிட்டர்-12, இண்டஸ்டார்-61 ஆகிய அனைத்தும் 40.5 மிமீ, ஜூபிட்டர்-9 மட்டும் 49 மிமீ. இவற்றின் மூதாதையான சைஸ் சோனார் 50 மிமீ லென்ஸ்களும் 40.5 மிமீதான். நிக்கான் ரேஞ்ச்ஃபைண்டரின் 50 மிமீ எஃப் 2 லென்ஸுக்கு 40.5, எஃப் 1.4 லென்ஸுக்கு 43. கேனனில் 50 மிமீ எஃப் 1.4 லென்ஸுக்கு 48, எஃப் 1.2 லென்ஸுக்கு 55. கேனனின் ஆரம்பகாலச் சிறு லென்ஸ்கள் சிலவற்றுக்கு 34.

லைட்ஸ் நிறுவனம் 1950களிலிருந்து 39 மிமீ அளவை இ39 என்ற பெயரில் பல லென்ஸ்களுக்குப் பொதுவாக வைத்தது: சும்மிக்ரான் 50, எல்மார் 50 எஃப் 2.8, சும்மரான் 35 எஃப் 2.8, 90 மிமீ எல்மார் எனப் பட்டியல் நீளும். விலக்குகளும் உண்டு. சும்மரிட் 50 மிமீ எஃப் 1.5 லென்ஸுக்கு 41, முதல் சும்மிலக்ஸ் 50 லென்ஸுக்கு 43. சும்மிட்டாரின் உள்வளையம் சாய்வாக இருப்பதால் சாதாரண ஃபில்டர் எதுவும் அதில் ஒழுங்காக உட்காராது; அதற்கென்றே லைட்ஸ் செய்த ஃபில்டரையோ இடைவளையத்தையோ தேடுவதைத் தவிர வழியில்லை. இ39 என்பது ஃபில்டர் மரை என்பதையும், லென்ஸைக் கேமராவில் பொருத்தும் 39 மிமீ மரை வேறு இடைவெளி கொண்டது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். விளம்பரங்களில் இவ்விரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன.

நிலையான லென்ஸ் கேமராக்களில் யாஷிகா எலெக்ட்ரோ 35, மினோல்டா ஹைமேட்டிக் 7எஸ், கோனிகா ஆட்டோ எஸ்2 ஆகியவற்றுக்கு 55 மிமீ. கேனோனெட் க்யூஎல்17 ஜி-3 கேமராவுக்கு 48. ஒலிம்பஸ் 35 எஸ்பி, ஹைமேட்டிக் 7எஸ்-2 ஆகியவற்றுக்கு 49. கோனிகா சி35 கேமராவுக்கு 46. ஒலிம்பஸ் 35 ஆர்சிக்கு 43.5 என்ற ஒற்றை அளவு. கோடக் ரெட்டினா 3சிக்கு 29.5.

நான்காம் படி: இன்றைய லென்ஸின் பெயரால் கேட்பது

மேலே சொன்ன அளவுகளில் பல இன்றும் உயிரோடு இருக்கின்றன, காரணம் அவற்றை இன்றைய டிஜிட்டல் லென்ஸ்களும் பயன்படுத்துகின்றன. 40.5 மிமீ ஒரு காலத்தில் அரிய அளவாக இருந்தது. சோனியின் 16-50 பவர் ஜூம் கிட் லென்ஸ் 2012இல் அதே அளவில் வந்த பிறகு, 40.5 மூடியும் யூவி ஃபில்டரும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கின. ஆகவே ஜூபிட்டர்-8 லென்ஸுக்கு மூடி வேண்டுபவர் ஜூபிட்டரின் பெயரையே எடுக்காமல், ‘சோனி 16-50 லென்ஸின் முன்மூடி’ என்று கேட்பதே புத்திசாலித்தனம். இவ்வாறே 39 மிமீக்கு ஃபூஜியின் 27 மிமீ, 60 மிமீ மேக்ரோ லென்ஸ்களையும், 43க்கு ஃபூஜி 35 மிமீ எஃப் 2 லென்ஸையும், 46க்கு பானசோனிக் 20 மிமீ எஃப் 1.7 லென்ஸையும், 49க்கு சோனியின் பழைய 18-55 லென்ஸையும், 55க்கு நிக்கான் ஏஎஃப்-பி 18-55 லென்ஸையும் சொல்லலாம். நடுவில் கிள்ளி எடுக்கும் மூடியாக வாங்குங்கள். ஹூடு மாட்டிய நிலையிலும் விரல் நுழையும்.

48 மிமீ லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பக்கவாட்டு வழி உண்டு. தொலைநோக்கியின் 2 அங்குல ஐபீஸ் ஃபில்டர்கள் 48×0.75 மரையில் வருகின்றன. கோள்களைப் பார்ப்பதற்காக விற்கப்படும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஃபில்டர்கள் நிறத்தைக் குறிக்கும் ராட்டன் எண்களோடு இந்த அளவில் கிடைப்பதால், கேனோனெட் உரிமையாளர்கள் வானியல் கடைகளையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

ஐந்தாம் படி: அநாதை அளவுகளுக்கு இடைவளையம்

34, 40, 41, 43.5 போன்ற அளவுகளில் புதிய ஃபில்டர் கிடைப்பது கடினம். இவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையம்தான் வழி: 40லிருந்து 43க்கோ, 43.5லிருந்து 49க்கோ அளவை ஏற்றிக்கொண்டு, பெரிய ஃபில்டரை மாட்டலாம். ஒரே அளவுக்கு எல்லா லென்ஸ்களையும் உயர்த்திவிட்டால் ஒரே ஃபில்டர் தொகுப்பு போதும் என்ற ஆசை இயல்பானது. எனினும் ரேஞ்ச்ஃபைண்டரில் அந்த ஆசைக்கு ஒரு வரம்பு இருக்கிறது, ஏனெனில் ஃபில்டர் பெரிதாகப் பெரிதாக அது வ்யூஃபைண்டரின் கீழ் வலது மூலையை மறைக்கும். சிறிய லைகா லென்ஸில் 46 வரை பொறுத்துக்கொள்ளலாம், 52 அதிகம் என்பது என் கருத்து. எதிர்த்திசையில், அளவைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் வளையத்தைத் தவிர்த்துவிடுங்கள். 35 மிமீ லென்ஸில் படத்தின் மூலைகள் கருத்துவிடும்.

வளையமும் கிடைக்கவில்லை என்றால் லேத் பட்டறை இருக்கிறது. அலுமினியத்தில் இப்படியொரு வளையத்தைக் கடைவது கைதேர்ந்த ஆளுக்குப் பெரிய வேலையல்ல. ஆனால் மரையிடைவெளியை எழுத்தில் கொடுக்க வேண்டும், இரு பக்கமும் பொருந்திப் பார்க்க ஒரு பழைய ஃபில்டரையும் கையோடு கொண்டுபோக வேண்டும். லென்ஸையே பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள், உலோகத் துகள் குவியத்தை நகர்த்தும் மரையான ஹெலிகாய்டுக்குள் புகுந்தால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும்.

ஆறாம் படி: மும்பையில் எங்கே

புதியவற்றுக்கு சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தின் எதிரே ஃபோர்ட்டில் உள்ள போரா பஜார் தெருவும் அதைச் சுற்றியுள்ள கேமராக் கடைகளும் முதல் இடம். கூட்டமில்லாத பிற்பகலில், வார நாளில் போனால், பழைய சரக்கு டப்பாவைக் கேட்டுப் பார்க்கலாம். ஃபிலிம் காலத்து மஞ்சள் ஃபில்டர்கள் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும். பழையவற்றுக்கு சோர் பஜாரின் மட்டன் தெரு. அங்கே கடைகள் வெள்ளிக்கிழமை பொதுவாக மூடியிருக்கும், அன்று விடியற்காலையில் நடைபாதையில் விரியும் ஜும்மா சந்தை வேறு. துருப்பிடித்த கேமராவின் முகத்தில் நல்ல ஃபில்டர் மாட்டியிருப்பது உண்டு என்பதால், ஃபில்டர்களை மட்டும் தேடாமல் பழுதான கேமராக்களின் முகங்களையும் பார்க்க வேண்டும். ஃபில்டரைத் தனியாகக் கழற்றி விலை கேட்டால் கேமராவின் விலையைச் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகருங்கள், பெரும்பாலும் பின்னாலிருந்து அழைப்பு வரும்.

செருகு வகை மூடி எங்கும் கிடைக்காதபோது தாராவியின் தோல் பட்டறைகளை நினைவில் கொள்ளலாம். மாட்டுங்காவிலோ சயனிலோ இருக்கும் தமிழர்களுக்கு அது பக்கத்து இடம், மொழிச் சிக்கலும் அங்கே குறைவு. உள்ளே வெல்வெட் ஒட்டிய தோல் மூடியை அளவுக்குத் தைத்துத் தரச் சொல்லலாம். வெல்வெட்டின் தடிமனையும் சேர்த்தே உள்விட்டத்தைக் கணக்கிட வேண்டும். ஈரத்தை இழுக்கும் தோலாதலால் மழைக்காலத்தில் இதைத் தவிர்த்து, முப்பரிமாண அச்சில் நெகிழும் பிளாஸ்டிக்கில் ஒன்றை அடித்துக்கொள்வது மேல். இ39 லைகா லென்ஸ்களுக்கும் 40.5 மிமீ ஜூபிட்டர், சோனார் லென்ஸ்களுக்கும் வெளிவிட்டம் பெரும்பாலும் 42 மிமீ என்பதால், அவற்றுக்கு 42 மிமீ செருகு மூடி என்று கேட்டாலே போதும். யாஷிகா எலெக்ட்ரோவின் செருகு மூடி 57 மிமீ.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், காலிபர் வைத்து எடுத்த படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்; அஞ்சல் செலவும் சுங்க வரியும் ஃபில்டரின் விலையைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், ஒரே விற்பனையாளரிடம் பலவற்றைச் சேர்த்து வாங்குவது கட்டுப்படியாகும்.

ஏழாம் படி: வாங்கும் முன் சோதிப்பது

கைபேசியின் விளக்கை ஃபில்டருக்குப் பின்னால் சாய்வாகப் பிடித்தால் சிலந்தி வலை போன்ற பூஞ்சை தெரிந்துவிடும். மேற்பரப்பில் மட்டும் இருந்தால் துடைத்தெடுக்கலாம், கண்ணாடியை அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். நிறம் முழுக்கக் கண்ணாடியிலேயே கலந்த ஃபில்டர்கள் காலத்தைத் தாங்கும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஜெலட்டின் வைத்து ஒட்டியவையும், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர்களும் விளிம்பிலிருந்து பிரியத் தொடங்கும், அங்கே வானவில் நிறமோ குமிழியோ தென்படும். விளிம்பில் உள்ள எழுத்தையும் படியுங்கள்: ஜப்பானிய ஃபில்டர்களில் ஒய்48, ஓ56, ஆர்60 என்பவை முறையே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பைக் குறிக்கும், எண்கள் வெட்டும் அலைநீளத்தைச் சொல்பவை. சோவியத் ஃபில்டர்களில் 1.4, 2, 2.8 என்று வெளிச்சப் பெருக்கெண்ணே பொறிக்கப்பட்டிருக்கும்.

பொருத்திப் பார்க்கும்போது முதலில் ஃபில்டரை எதிர்த்திசையில் மெல்லச் சுழற்றுங்கள். மரைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு ‘டிக்’ கேட்கும். அங்கிருந்து முன்திசையில் திருப்பினால் தடையில்லாமல் ஒன்றரைச் சுற்றாவது போக வேண்டும். அரைச் சுற்றிலேயே இறுகினால் அளவு சரியாகவும் மரையிடைவெளி தவறாகவும் இருக்கிறது என்று பொருள்.

எட்டாம் படி: மாட்டிய பின் வெளிச்சக் கணக்கு

மஞ்சள் ஃபில்டர் சுமார் 1 ஸ்டாப், ஆரஞ்சு சுமார் 2 ஸ்டாப், சிவப்பு சுமார் 3 ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும்; ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். இதை நாம் கணக்கிட வேண்டுமா, கேமராவே பார்த்துக்கொள்ளுமா என்பது வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் கண் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கேனோனெட் க்யூஎல்17 ஜி-3, ஹைமேட்டிக் 7எஸ், ஒலிம்பஸ் 35 ஆர்சி ஆகியவற்றில் அந்தக் கண் ஃபில்டர் வளையத்துக்குள்ளேயே இருப்பதால் ஃபில்டர் அதையும் மறைக்கும், திருத்தம் தானாக நடக்கும். யாஷிகா எலெக்ட்ரோவில் கண் கேமராவின் உடலில் இருக்கிறது. எனவே 400 ஏஎஸ்ஏ ஃபிலிமுக்கு மஞ்சள் ஃபில்டர் மாட்டினால் 200 என்றும், சிவப்பு மாட்டினால் 50 என்றும் ஃபிலிமின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஏஎஸ்ஏ வட்டை மாற்றி வைக்க வேண்டும், கழற்றியதும் பழைய எண்ணுக்குத் திருப்ப வேண்டும். சிவப்பு ஃபில்டர் விஷயத்தில் மீட்டரின் காட்மியம் சல்பைட் கண்கள் சிவப்பொளியை அதிகமாகவே உணர்வதால், தானாகத் திருத்தும் கேமராக்களிலும் சற்றுக் கூடுதலாக வெளிச்சம் கொடுப்பது நல்லது.

போலரைசர் ரேஞ்ச்ஃபைண்டருக்கு இசைவானது அல்ல. கண்ணருகே பிடித்துச் சுழற்றி, வேண்டிய விளைவு கிடைக்கும் இடத்தில் விளிம்பின் குறி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து, லென்ஸில் மாட்டியதும் குறியை அதே பக்கம் வைக்க வேண்டும். லைட்ஸ் இதற்காகவே வ்யூஃபைண்டர் முன்னால் தூக்கிப் பார்க்கக்கூடிய போலரைசரைச் செய்தது. அதன் விலையைக் கேட்டபின் பலரும் முதல் முறைக்கே திரும்பிவிடுவார்கள்.

பராமரிப்பும் பின்மூடியும்

மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரத்தில் ஃபில்டரும் லென்ஸைப் போலவே பூஞ்சை பிடிக்கும். லென்ஸிலேயே மாட்டி வைத்தால் இரண்டுக்கும் நடுவே ஈரம் சிக்கும். ஆகவே மழைக்காலத்தில் கழற்றி, பழைய தோல் உறைகளைத் தவிர்த்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

கழற்ற முடியாமல் இறுகிவிட்ட ஃபில்டரை இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துத் திருகக் கூடாது. அழுத்தத்தில் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பட்டையை விளிம்பில் சுற்றி, உள்ளங்கையால் சீராகத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும்.

லென்ஸைக் கழற்றி மாற்றும் கேமரா உள்ளவர்கள் பின்மூடியையும் மறக்கக் கூடாது. லைகா திருகு லென்ஸுக்கு 39 மிமீ பின்மூடி. 42 மிமீ எஸ்எல்ஆர் பின்மூடி அதற்கு ஆகாது. கியெவ், கான்டாக்ஸ் லென்ஸ்களுக்கு சற்றே சுழற்றிப் பூட்டும், அவற்றுக்குரிய பயோனெட் மூடி தேவை. ஜூபிட்டர்-12 லென்ஸின் பின்கண்ணாடி வெகுதூரம் வெளியே நீட்டியிருப்பதால் சாதாரணப் பின்மூடி அதன்மேல் இடிக்கும். அதற்கென்று ஆழமான மூடி கிடைக்கும் வரை அந்த லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றாமலே வைத்திருங்கள்.